குடம் வரைக்கும் பேசு

நம் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆறு பேருக்கும் வணக்கம். பெயர் கொடுத்தவர்கள் ஆறு பேர், முதல் வாரம் வந்தவர்கள் நான்கு பேர், கழுவாமல் விட்டுப்போன டீக் கோப்பைகள் ஏழு. இந்தக் கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எதையும் எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. என் மனைவி இதை ஒரு நோய் என்கிறாள். நீங்களும் சீக்கிரம் அப்படித்தான் சொல்வீர்கள், பரவாயில்லை.

வெளிநாட்டு அரசுகள் தரும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு மாணவர்களை எப்படித் தயார் செய்வது என்று உங்களுக்கு எழுதச் சொன்னார் கார்த்திக். எந்த நாட்டுக்கு எந்தச் சான்றிதழ், எதை எங்கே பதிவேற்றுவது என்பதெல்லாம் அந்தந்த இணையதளத்தில் இருக்கிறது. வாகடிலிருந்து மடிக்கணினியோடு வருகிற உங்களுக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சொன்னாலும் நான் சொல்வது போன வருஷத்து விதியாக இருக்கும். இந்த மராத்தி ஊரில் ஒரு கல்லூரியின் வெளிநாட்டுப் படிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே நான் பார்த்தவரை, விண்ணப்பங்கள் சான்றிதழில் தோற்பது குறைவு. "இதை ஏன் நீ ஆராய வேண்டும்?" என்ற ஒரே கேள்வியில்தான் பெரும்பாலும் தோற்கின்றன.

அந்தப் பிரிவில் எனக்கு மேலே ஒரு மராத்திக்காரர் இருந்தார். பெயர் வேண்டாம், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. மாணவர் யாராவது கனமான கோப்போடு வந்தால் அதை வாங்கி மேஜைமேல் கவிழ்த்து வைப்பார். அதன்மேல் தன் சாப்பாட்டு டப்பாவை வைத்துத் திறப்பார். "ஆதா சாங்" என்பார், இப்போது சொல் என்று. பையன்கள் டப்பாவையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர் சாப்பிடுவார். ஒருமுறை ஒரு மாணவன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். இவர் கொஞ்சமும் அசரவில்லை. "இன்னும் இரண்டு பொளி இருக்கிறது, நிதானமாக யோசி" என்றார். இரண்டாவது பொளி, நம் சப்பாத்திதான், பாதியில் இருக்கும்போது அந்தப் பையன் தன் ஊர்க் கிணற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அந்தக் கோப்பில் கிணறு என்ற சொல்லே இல்லை. "போ, கிணற்றை உள்ளே எழுதிக்கொண்டு வா" என்று கோப்பைத் திருப்பிக் கொடுத்தார். எண்ணெய்க் கறையோடுதான். எனக்கு அப்போது கறைதான் கவலையாக இருந்தது.

ஒருவரைப் பேசவைப்பது பாதி வேலைதான். மீதிப் பாதியை எனக்குக் காட்டியவள் ரேவதி. அவளையும் அவள் வீட்டாரையும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

ரேவதி நம் ஊரிலேயே போபோடிப் பக்கத்துப் பெண். அப்பா துரைசாமி, ராணுவத்துக்கான சாமான்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கடைசல் வேலை. அவருடைய அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ரேவதி உலோகவியலில் முதுகலை முடித்து, சாக்கண் பக்கம் ஒரு வார்ப்பு ஆலையில் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஐரோப்பிய நாடு ஒன்றின் அரசு தரும் முனைவர் பட்ட உதவித்தொகைக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். அந்த உதவித்தொகைக்கு வயது வரம்பு உண்டு. அந்த வருஷத்தை விட்டால் அவளுக்கு அடுத்த வாய்ப்பு கிடையாது. அங்கே ஒரு பேராசிரியர் அவளை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார். மதிப்பெண்களும் நன்றாக இருந்தன. அரசுக் குழுவின் நேர்காணல் மட்டும்தான் பாக்கி.

அவள் ஆராய விரும்பிய விஷயத்தை என் அறிவுக்கு எட்டிய அளவில் சொல்கிறேன். பித்தளைப் பொருள் ஒன்று, யாரும் தட்டாமல், எதுவும் மோதாமல், வைத்த இடத்திலேயே ஒரு நாள் விரிசல் விடும். அது ஏன், எப்போது, எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது என்பதுதான்.

அவளுடைய நோக்க அறிக்கையைக் கார்த்திக் செப்பனிட்டிருந்தார். கார்த்திக்கை உங்களுக்குத் தெரியும், இப்போது உங்களுக்கு நாற்காலி போட்டுத் தருகிறவர். கோயம்புத்தூர்க்காரர், ஹிஞ்சேவாடியில் பெரிய வேலை. எழுத்து பளபளவென்று இருந்தது. "பேரார்வம்" என்ற சொல் இரண்டு பக்கத்தில் ஐந்து இடத்தில் வந்திருந்தது. எண்ணிச் சொன்னேன்.

"ஏனுங்க சார், அதையும் எண்ணுனீங்களா?"

"ஆறாவது எங்கேயாவது இருக்கும், தேடிக்கிட்டிருக்கேன்."

ரேவதி சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை நேர்காணல் வைத்தோம். நானும் கார்த்திக்கும் குழு உறுப்பினர்கள். உலோகம் பற்றிய கேள்விகளை அந்தப் பேராசிரியரின் கட்டுரைகளிலிருந்து கார்த்திக் தயாரித்து வந்திருந்தார். எல்லாவற்றுக்கும் தடையில்லாமல் பதில் சொன்னாள். கடைசியாக நான், "இதை ஏன் நீ ஆராய வேண்டும்?" என்று கேட்டேன். சிறுவயது முதலே அறிவியலில் பேரார்வம் என்று தொடங்கி ஒரு பத்தியை மனப்பாடமாக ஒப்பித்தாள். நான் அறிக்கையைக் கவிழ்த்து வைத்தேன். என்னிடம் டப்பா இல்லை, மூக்குக்கண்ணாடிக் கூட்டைத்தான் மேலே வைத்தேன்.

"இப்ப சொல்லும்மா."

"அங்கிள், ஸ்கோப் நல்லா இருக்கு. இண்டஸ்ட்ரில டிமாண்ட் இருக்கு."

"அது வேலைக்குப் போறதுக்குச் சொல்றது."

கார்த்திக் ஏதோ எடுத்துக்கொடுக்கப் போனார், நான் கையமர்த்தினேன். மூடியிருந்த என் மூக்குக்கண்ணாடிக் கூட்டையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு அங்கிள். மத்லப், அதாவது, காரணம் இருக்கு. ஆனா அது சொல்லக்கூடாது."

பிறகு, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் என்று சொல்லிவிட்டுச் சொன்னாள். அவளுக்குத் தமிழ் அவ்வளவு சரளமில்லை. நடுநடுவே இந்தியில் போய்த் திரும்பி வந்தாள். நான் கோர்வையாக எழுதுகிறேன்.

அவள் பள்ளிக்கூடத்தில் படித்த காலம். வீட்டில் பரண்மேல் ஒரு பித்தளைக் குடம் இருந்தது. அவள் அம்மா பார்வதிக்குக் கல்யாணச் சீராக அம்மாவின் அப்பா, ரேவதியின் தாத்தா, வாங்கிக்கொடுத்தது. ஒரு மழைக்காலத்தில், எல்லோரும் கீழே உட்கார்ந்து சாப்பிடும்போது பரணில் ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை, நகத்தால் சுண்டினாற்போல. இறக்கிப் பார்த்தால் கழுத்திலிருந்து வயிறு வரை ஒரு கோடு. யாரும் தொடவில்லை. குடத்தில் தண்ணீர்கூட இல்லை. அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். ஊரில் தாத்தா படுத்த படுக்கையாக இருந்த நேரம் அது. அந்த மழை முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

அப்பா அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். அவருக்குக் காரணம் தெரியும் என்று அவர் முகத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "ஏன்பா உடைஞ்சது?" என்று கேட்டாள். "அதெல்லாம் கேக்காத" என்றார். மறுநாள் குடம் பழைய பித்தளைக் கடைக்குப் போயிற்று.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் வீடு பலவற்றிலும் உண்டு. அப்பா வந்து பையை ஆணியில் மாட்டினால் வேலையைப் பற்றிய பேச்சு அத்தோடு தீர்ந்தது. உள்ளே என்ன செய்கிறார், எதைக் கடைகிறார், கையில் எப்படிக் காயம் பட்டது, எதுவும் கேட்கக் கூடாது, சொல்லவும் மாட்டார். பித்தளை அவர் வேலையில் வருகிற உலோகம். அதனால் பித்தளை பற்றியும் அந்த வீட்டில் பேச்சு கிடையாது.

வருஷங்கள் கழித்து முதுகலை வகுப்பில் ஒரு நாள் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு படம் போட்டார். பித்தளையைத் தட்டி வளைத்துச் செய்யும்போது இழுவிசை உள்ளேயே தங்கிவிடுகிறது. அது போக, ஈரக் காற்று வேண்டும், அம்மோனியா வேண்டும். மூன்றும் சேர்ந்தால் யாரும் தொட வேண்டியதில்லை. அம்மோனியா எங்கிருந்து வரும் என்று ஆசிரியர் கேட்டபோது, மாட்டுத் தொழுவம் என்று அவள்தான் முதலில் சொன்னாள். அவர்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி எருமைக் கொட்டகை, இங்கே தபேலா என்பார்கள்.

"அன்னிக்கு வீட்டுக்கு ஓடினேன் அங்கிள். அப்பாகிட்ட சொல்லணும்னு. 'பப்பா, குடம் ஏன் உடைஞ்சதுன்னு தெரிஞ்சுபோச்சு'ன்னேன். அவர் நிமிர்ந்துகூட பாக்கல. 'தெரிஞ்சுதில்ல, போதும்'னார். பஸ், அவ்வளவுதான்."

கார்த்திக் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இதுதானுங்க! இதை வெச்சுக்கிட்டா சிறுவயது பேரார்வம்னு எழுதினோம்? இதை அப்படியே சொல்லுங்க, அப்பா எங்க வேலை செய்யறாருங்கறதையும் சேர்த்து."

நான் விண்ணப்பத்தைப் புரட்டினேன். பெற்றோர் தொழில் என்ற இடத்தில் மத்திய அரசுப் பணி என்று அவள் எழுதியிருந்தாள். பொய் இல்லை. ஆனால் வேறொரு நாட்டு அரசாங்கம் உட்கார்ந்து கேட்கும் இடத்தில், ராணுவச் சாமான், தொழிற்சாலை, அப்பாவுக்குத் தெரிந்த ரகசியம் என்று இந்தப் பெண் பேச ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும்? அவர்கள் பயந்துபோய் இவளைத் தள்ளிவிடலாம். இங்கே, ஓய்வு பெறப்போகிற அவள் அப்பாவுக்கு யாராவது ஒரு கடிதம் அனுப்பலாம். ஒன்றுமே ஆகாமலும் போகலாம். என்னால் நல்லதைக் கற்பனை செய்ய முடியாது, அதுவும் ஒரு நோய்தான்.

சொல் என்றோ சொல்லாதே என்றோ நாங்கள் தீர்ப்புக் கூறியிருக்கலாம். அப்படிக் கூறத்தான் கார்த்திக் துடித்தார். ஒரு வீட்டில் இத்தனை வருஷமாகக் காப்பாற்றி வைத்திருக்கிற ஒன்றை, நல்ல பதிலாக இருக்கிறது என்பதற்காக நாம் எடுத்துக் கொடுத்துவிட முடியாது என்று எனக்குப் பட்டது. உடையவரைக் கேட்க வேண்டும். இது நீங்கள் முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது. மாணவர்கள் தருகிற உருக்கமான கதை பெரும்பாலும் அவர்களுக்கு மட்டும் சொந்தமாக இருக்காது.

அன்று மாலையே மூன்று பேரும் போபோடிக்குப் போனோம். குறுகலான சந்து, கார்த்திக்கின் கார் நுழையாது, நடந்தோம். தபேலா இன்னும் இருக்கிறது. எருமைகளை எண்ணினேன், பதினொன்று.

துரைசாமி எங்களை உட்காரவைத்து, பார்வதியம்மாவிடம் டீ போடச் சொல்லி, விஷயத்தைக் கேட்டார். கேட்டு முடித்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இன்னா சார் இது? படிச்சவங்க நீங்க. முப்பத்துமூணு வருஷம் வாய மூடிக்கினு இருந்துட்டேன். எங்கூட டீ குடிக்கறவன்கிட்ட சொன்னதில்ல. இப்ப போயி வெளிநாட்டு கவர்மெண்ட்டுக்கு சொல்லணுமா?"

"ஃபேக்டரியப் பத்தி வேண்டாங்க. குடம் உடைஞ்சதை மட்டும்..." என்றார் கார்த்திக்.

"குடம் ஏன் உடைஞ்சுதுன்னு கேப்பான். உனக்கு எப்டி தெரியும்னு கேப்பான். உங்கப்பனுக்கு எப்டி தெரியும்னு கேப்பான். ஒண்ண சொன்னா அடுத்தது வரும் தம்பி. அதனாலதான் மொதல்லயே சொல்றதில்ல."

"பப்பா, நான்..."

"நீ சும்மா இரு ரேவதி. வேற காரணம் சொல்லு. இல்லாட்டி போவாத. சாக்கண்ல நல்ல வேலதான?"

ரேவதி எழுந்து சமையலறைப் பக்கம் போனாள். வாசலிலேயே பார்வதியம்மா டீத் தட்டோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ தெரியாது. தட்டைக் கீழே வைக்கவில்லை.

"குடம் ஏன் உடைஞ்சுது?" என்றார்.

துரைசாமி மகளைப் பார்த்தார்.

"ஒங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது. எனக்குத்தான் தெரியல. ஏன் உடைஞ்சுது?"

ரேவதிதான் சொன்னாள். "எருமைம்மா. தபேலால இருந்து வர்ற அந்த வாடை. அது, மழை ஈரம், அப்புறம் குடத்த தட்டிச் செஞ்சப்பவே உள்ள இருந்த டென்ஷன். எல்லாம் சேர்ந்து உடைஞ்சுது."

பார்வதியம்மா தட்டைத் தரையில் வைத்தார். டீ தளும்பியது.

"எருமை மூத்திரமா?" என்றார் கணவரைப் பார்த்து. "எங்கப்பா குடுத்த குடம். அது உடைஞ்ச மாசமே அவரு போனாரு. நான் பொழங்காம பரண்ல போட்டதாலதான் கோவத்துல உடைஞ்சுது, அதான் அவரு போயிட்டாருன்னு எத்தினி வருஷமா மனசுல வெச்சிக்கினு இருக்கேன். ஆடிக்கு ஆடி வெளக்கு போட்டுக்கினு இருக்கேன். எருமை மூத்திரம்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாய்யா?"

துரைசாமி தரையைப் பார்த்தார். "சொன்னா, உனக்கு எப்டி தெரியும்னு கேட்டிருப்ப."

"கேட்டிருக்க மாட்டேன்! நான் இன்னிக்கு வரைக்கும் ஒன்ன இன்னா கேட்டிருக்கேன்?"

கார்த்திக் தன் டீயை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். நானும் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்வதியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சண்டை போடுகிற குரலில் இல்லாமல், ஒரு வழக்கைத் தீர்க்கிற குரலில் பேசினார்.

"ஃபேக்டரி ஒன்னுது. அத்த பத்தி அவ பேச மாட்டா. குடம் என்னுது. எங்கப்பா ஆம்பூர்ல வாங்கினது. ஃபேக்டரியா வாங்கிக் குடுத்துச்சு? என் குடத்தப் பத்தி என் பொண்ணு பேசறதுக்கு நான் எந்த ஆபீசர்கிட்ட கேக்கணும்?"

எங்கள் பிரிவில் நான் வேலை பார்த்த அத்தனை வருஷத்திலும் எது சொல்லலாம், எது சொல்லக்கூடாது என்று பல சுற்றறிக்கைகள் வந்திருக்கின்றன. இவ்வளவு தெளிவாக ஒன்றும் வந்ததில்லை.

துரைசாமி தன் டீயை எடுத்து, ஆறிப்போன அதை ஒரே மடக்கில் குடித்தார்.

"குடம் வரைக்கும் பேசு" என்றார் மகளிடம். "ஃபேக்டரி கேட்டுக்கு உள்ள போவாத."

அறிக்கையை மாற்ற நேரமில்லை, அது ஏற்கெனவே போய்விட்டது. நேர்காணலில்தான் சொல்ல வேண்டும். கார்த்திக் ஒரு புதுப் பத்தி எழுதித் தருகிறேன் என்றார். வேண்டாம் அங்கிள், நானே சொல்லிக்கிறேன் என்று ரேவதி என்னிடம் சொன்னாள். அவரிடம் நேரே சொல்லக் கூச்சம்.

நேர்காணல் இணையவழி. போபோடி வீட்டில் மின்சாரத்தையும் தபேலாவையும் நம்ப முடியாது என்பதால் வாகடில் கார்த்திக் வீட்டில் ஏற்பாடு. அறைக்குள் விண்ணப்பதாரர் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. துரைசாமி விடுப்பு எடுத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில், அந்தப் போக்குவரத்தில் ஸ்கூட்டரில் வந்திருந்தார். பார்வதியம்மா எலுமிச்சைச் சாதம் கொடுத்து அனுப்பியிருந்தார், நான்கு பேருக்கு ஏழு பேர் சாப்பிடுகிற அளவு.

ரேவதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் மூன்று பேரும் கூடத்தில். வார்த்தை கேட்காது, அவள் குரல் ஏறி இறங்குவது மட்டும் கேட்கும். முதலில் தடையில்லாமல் ஓடிய குரல் திடீரென்று நின்றது. பிறகு மெதுவாக, வேறு மாதிரி ஆரம்பித்தது. ஒப்பிக்கிற குரல் இல்லை. அந்தக் கேள்வி வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. துரைசாமிக்கும் தெரிந்தது. அவர் எழுந்துவிட்டார்.

"வேணாம் சார். நிறுத்தச் சொல்லுங்க."

"துரைசாமி..."

"சின்ன பொண்ணு சார் அது. நாலு பேரு சுத்தி நின்னு கேட்டா ஒளறிடும். நான் ஒத்துக்கினது தப்பு. கதவ தட்டுங்க."

கார்த்திக் கையில் கைபேசி இருந்தது. "ஒரு மெசேஜ் போட்டுடட்டுங்களா சார்? திரையில தெரியும்." அவர் முகம் வெளுத்திருந்தது. சொல் சொல் என்று குதித்தவர் அவர்தான்.

யோசிக்க நேரம் இருந்த மாதிரி எழுதுகிறேன், உண்மையில் இல்லை. உடையவரைக் கேட்க வேண்டும் என்று சொன்னவன் நான். உடையவர் இப்போது வேண்டாம் என்கிறார். நியாயப்படி நான் கதவைத் தட்ட வேண்டும். தட்டினாலோ செய்தி அனுப்பினாலோ, வெளியிலிருந்து யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அந்தக் குழு நினைக்கும். அத்தோடு அவளுடைய கடைசி வருஷமும் முடிந்தது. நான் போய்க் கதவுக்கும் துரைசாமிக்கும் நடுவில் நின்றேன். வீரத்தில் இல்லை, அவர் தட்டிவிடுவாரோ என்ற பயத்தில்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க பொண்ணு ஃபேக்டரியைப் பத்தி உங்ககிட்ட எத்தனை தடவை கேட்டிருக்கா?"

"ஒரே வாட்டி. குடம் உடைஞ்ச அன்னிக்கு. அதுவும் குடத்தப் பத்திதான்."

"அதுக்கப்புறம்?"

"கேட்டதே இல்ல."

"அப்போ எங்க நிறுத்தணும்னு இந்த வீட்டுல இருக்கற நாலு பேர்ல யாருக்கு நல்லாத் தெரியும்? எனக்கா, கார்த்திக்குக்கா? அவ உங்க வீட்டுல வளர்ந்தவ, துரைசாமி."

அவர் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சோபாவில், நுனியில், விழுந்துவிடுகிற மாதிரி உட்கார்ந்தார். கார்த்திக் கைபேசியைக் குப்புற வைத்தார். உள்ளே யாரோ சிரித்த சத்தம் கேட்டது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று நான் அடுத்த அரைமணி நேரமும் கவலைப்பட்டேன்.

ரேவதி வெளியே வந்து முதலில் தண்ணீர் குடித்தாள். துரைசாமி விசாரணையை ஆரம்பித்தார்.

"ஃபேக்டரி பேரு?"

"சொல்லல பப்பா."

"எங்க இருக்குதுன்னு?"

"சொல்லல."

"எம் பேரு?"

"அது ஃபார்ம்லயே இருக்கு பப்பா."

அவர் யோசித்தார். "சரி, அது இருந்துட்டுப் போவுது."

நடந்ததை அவள் சாதம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். குடத்தையும் தபேலாவையும் சொல்லியிருக்கிறாள். அப்பா பார்த்ததும் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்றும் சொல்லியிருக்கிறாள். குழுவில் இருந்த ஒரு அம்மாள் உடனே பிடித்துக்கொண்டார், அவருக்கு எப்படித் தெரியும் என்று. துரைசாமி பயந்த அதே கேள்வி, அதே வரிசையில்.

"நான் சொன்னேன், அவர் உலோகத்துல வேலை செய்யறவர், வேலையப் பத்தி வீட்டுல பேச மாட்டார், நாங்களும் கேக்க மாட்டோம்னு. அப்போ அவங்க, 'அப்படின்னா உங்கப்பாவுக்கு என்ன தெரியும்னு இன்னும் உங்களுக்குத் தெரியாதா?'ன்னாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"'தெரியாது. அதனாலதான் அப்ளை பண்ணியிருக்கேன்'னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அப்புறம் அம்மோனியாவுக்குப் போயிட்டாங்க."

துரைசாமி சிரிக்கவில்லை. தன் தட்டிலிருந்த வேர்க்கடலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மகள் தட்டில் வைத்தார். அவளுக்கு அது பிடிக்கும் போலிருக்கிறது. எட்டு வைத்தார்.

அவளுக்கு உதவித்தொகை கிடைத்தது. அதை உங்களுக்கு நம்பிக்கையூட்டுவதற்காகச் சொல்லவில்லை. கிடைக்காமலும் போயிருக்கலாம், அவ்வளவு பேர் போட்டியிடுகிறார்கள். எந்தப் பதிலும் உத்தரவாதம் இல்லை. ஆனால் அன்று நான் கதவைத் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்ன பேசுவது என்பதில் நாம் கொஞ்சம் உதவலாம். எங்கே நிறுத்துவது என்பது இந்தப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே கொண்டுவருகிற படிப்பு. அதை நம்பக் கற்றுக்கொள்ளுங்கள். எனக்கு அது வர நாளாயிற்று. இன்னும் முழுதாக வரவில்லை. இப்போதும் நேர்காணல் என்றால் கதவோரம்தான் நிற்கிறேன்.

துரைசாமி ஓய்வு பெற்றுவிட்டார். போன வாரம் போபோடிச் சந்தில் ஒரு டீக்கடையில் என்னைப் பிடித்து உட்காரவைத்தார். மகள் முந்தின நாள்தான் வீடியோவில் பேசியிருக்கிறாள். ஆய்வுக்கூடத்தைக் காட்டியிருக்கிறாள். மேஜைமேல் ஏதோ துணி போட்டு மூடியிருந்ததாம்.

"அது இன்னாம்மா, துணிக்கு அடியில? இன்னா ஆராய்ச்சி பண்றன்னு கேட்டேன் சார். 'பப்பா, இங்க ஒரு கம்பெனியும் சேர்ந்து பண்ணுது. கையெழுத்து போட்டிருக்கேன். வெளிய சொல்லக்கூடாது'ன்னுது."

"உங்ககிட்டயேவா?"

"எங்கிட்டயே சார்!" அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தக் கடையில் இருந்த ஒன்பது பேருக்கும் ஏற்கெனவே இந்தக் கதை தெரியும் என்று அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "பெத்த அப்பன்கிட்டயே சொல்ல மாட்டேன்னுடுச்சு!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் இன்னா சார் சொல்லப்போறேன், கேக்காம விட்டுட்டேன். எங்க வீட்டுக்காரிதான் ஃபோன வாங்கி, 'அடியே, அங்க பக்கத்துல எருமை இருக்குதா, அத்த மட்டும் சொல்லு'ன்னா."